சாராய ஊறல்: வீட்டு மருத்துவ உரைநடையில் ஒரு சொற்சிக்கல்

தமிழில் திறனாய்வு பெரும்பாலும் கவிதை, சிறுகதை, நாவல், நாடகம் என்னும் நான்கு எல்லைக்கற்களுக்கு உள்ளேயே நடந்து வந்துள்ளது. ஒன்றை எவ்வாறு செய்வது என்று படிப்பவருக்குச் சொல்லித்தரும் உரைநடை, மிகுதியாக எழுதப்பட்டும் படிக்கப்பட்டும் வந்தபோதிலும், திறனாய்வாளரின் கவனத்தை அரிதாகவே பெற்றுள்ளது எனலாம். நாளேடுகளின் ஞாயிறு பதிப்புகளிலும், தீபாவளிச் சந்தைகளில் விற்கப்படும் சிறு நூல்களிலும் இடம்பெறும் வீட்டு மருத்துவக் குறிப்புகள் இவ்வுரைநடையின் முதன்மையான வகையாகும். ஒரு நாவலைத் தவறாகப் புரிந்துகொண்ட வாசகருக்கு ஏற்படும் இழப்பு சிறிது. ஒரு மருந்துக் குறிப்பைத் தவறாகப் புரிந்துகொண்டவர் அத்தவற்றை விழுங்கிவிடுகிறார். ஆதலால் இவ்வுரைநடையின் சொல்லாட்சியை ஆராய்வது மருத்துவத் துறையினருக்கு மட்டும் உரிய பணி ஆகாது. மொழி கற்பிக்கும் நமக்கும் அதில் பங்கு உண்டு.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது அவ்வகையின் ஒரு சிறு பகுதியாகும். மூலிகையை நீரிலோ எண்ணெயிலோ இடாமல் மதுவில் ஊறவைத்து மருந்தாக்கும் முறையையும், அதனைத் தமிழ் எவ்வாறு சொல்கிறது என்பதையும் ஆராய முற்படுகிறோம். இச்சிறு பகுதியைத் தேர்ந்ததற்குக் காரணம், நம் மருத்துவ உரைநடை வேறெங்கும் காணாத அளவிற்கு இங்கே தடுமாறுகிறது என்பதே.

மலேசியச் சூழலில் இது புதிய பொருளும் அன்று. ஒரே குடியிருப்பு வரிசையில் மூன்று வகை மருந்து மரபுகள் அடுத்தடுத்து வாழ்கின்றன. மலாய்க் குடும்பங்களின் ஜாமு சமயக் காரணத்தால் மதுவைத் தவிர்த்து நீரையும் எண்ணெயையும் சார்ந்து நிற்கிறது. சீனக் குடும்பங்களில் இஞ்சியும் பிற வேர்களும் அரிசி மதுவில் ஊறுகின்றன. மகப்பேற்றுக்குப் பிந்திய நாள்களில் அம்மது உணவிலும் கலக்கப்படுகிறது. பதினான்கு மூலிகைகள் சேர்ந்த ஜப்பானிய யோமெய்ஷுவும், இருபத்தேழு தாவரப் பொருள்கள் சேர்ந்த பிரெஞ்சுப் பெனடிக்டினும் இந்நாட்டுக் கடைகளில் உடல்தேற்றி என்ற மதிப்புடன் விற்பனையாகின்றன. தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் குடிநீரையும் எண்ணெயையும் இளகத்தையும் நம்பியிருப்பினும், பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மூடி பிராந்தி, சளிக்கு ஒரு கரண்டி பிராந்தி என்ற வழக்கம் தோட்டப்புற வாழ்வில் இருந்ததை மூத்தோர் அறிவர். அவ்வழக்கம் வாய்மொழியில் இருந்த அளவிற்கு எழுத்தில் இடம்பெறவில்லை. எழுத்தில் இடம்பெற்றபோது அதற்குச் சரியான பெயரும் வாய்க்கவில்லை.

முப்பத்திரண்டில் இல்லாத வகை

சித்த மருத்துவம் உள்மருந்தை முப்பத்திரண்டாக வகுத்துள்ளது. சுரசம், சாறு, குடிநீர், கற்கம், உட்களி, அடை எனத் தொடங்கும் அப்பட்டியல், சூரணம், வடகம், மணப்பாகு, நெய், இளகம், எண்ணெய், மாத்திரை முதலியவற்றைக் கடந்து பற்பம், செந்தூரம், சுண்ணம் வரை விரிகிறது. இவ்வகைப்பாட்டின் சிறப்பு, ஒவ்வொரு பெயரும் ஒரு செய்முறையையும் ஓர் ஊடகத்தையும் ஒருங்கே சுட்டுவதாகும். ‘தேனூறல்’ என்றால் ஊடகம் தேன், செயல் ஊறல். ‘தீநீர்’ என்றால் தீயின் துணையால் ஆவியாக்கிக் குளிர்வித்துப் பெற்ற நீர். ஓமத் தீநீரை அறியாத தமிழ் வீடு குறைவு. பெயரே பாதிச் செய்முறையைச் சொல்லிவிடுவதால், செய்யுளில் சொற்கள் சுருங்கியபோதும் பொருள் சுருங்கவில்லை.

இப்பட்டியலில் மதுவை ஊடகமாகக் கொண்டு பெயர்பெற்ற வகை எதுவும் இல்லை. தமிழ் மருத்துவம் மதுவை அறியவில்லை என்பது இதன் பொருளன்று. பதார்த்த குண சிந்தாமணி போன்ற நூல்கள் கள் வகைகளின் குணங்களைப் பேசுகின்றன. ஆயினும் மதுவில் மூலிகையை ஊறவைத்து எடுக்கும் சத்துக்குத் தனிப்பெயர் ஒன்று பட்டியலில் நிலைபெறவில்லை. பின்னாளில் தோன்றிய குழப்பத்திற்கு இவ்வெற்றிடமே மூலம் என்பது நம் கருத்து.

மருந்துகளுக்குச் சித்த மரபு வகுத்த ஆயுட்காலத்தையும் இங்கு நோக்குதல் வேண்டும். குடிநீருக்கு ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம். சூரணத்திற்கு மூன்று மாதம். தேனூறலுக்கும் தீநீருக்கும் ஓராண்டு. குடிநீர் நாள்தோறும் புதிதாகக் காய்ச்சப்பட வேண்டிய மருந்து என்பது இதனால் விளங்கும். மது ஊடகத்தின் கவர்ச்சி இவ்விடத்தில்தான் தோன்றுகிறது. எத்தனாலின் அளவு போதுமானதாக இருப்பின் நுண்ணுயிர்கள் பெருகா. மருந்து மாதக்கணக்கில் கெடாது. நீரில் கரையாத பிசின்களையும் நறுமண எண்ணெய்களையும் அது கரைத்தெடுக்கும். நம் வீடுகளில் புகையும் சாம்பிராணி நீரில் கரைவதில்லை. செறிவு மிகுந்த எத்தனாலில் கரைகிறது. மேனாட்டு மருந்தாளர் அதனைக் கொண்டு செய்த நீர்மம், நீராவி பிடிப்பதற்கும் புண்ணின்மேல் பூசுவதற்கும் நெடுங்காலம் பயன்பட்டது.

வடமொழி மரபு இவ்விடத்தில் வேறு வழி சென்றது. ஆசவம், அரிஷ்டம் என்னும் இரு வகைகளில் மது வெளியிலிருந்து ஊற்றப்படுவதில்லை, உள்ளேயே பிறக்கிறது. காய்ச்சாத சரக்குடன் செய்வது ஆசவம் என்றும், காய்ச்சிய கஷாயத்துடன் செய்வது அரிஷ்டம் என்றும் சார்ங்கதர சங்கிதை வேறுபடுத்தும். வெல்லமும் தேனும் காட்டாத்திப் பூவும் சேர்ந்து புளிக்கும்போது தோன்றும் எத்தனால், பொதுவாக நூற்றுக்கு ஐந்து முதல் பன்னிரண்டு பங்கு வரை இருக்கும். தசமூலாரிஷ்டமும் திராட்சாரிஷ்டமும் இவ்வகையின. மேனாட்டார் ‘டிங்சர்’ என்பதோ முன்பே வடித்தெடுத்த மதுவில் மூலிகையை ஊறவைத்துப் பெறுவது. அதன் எத்தனால் அளவு பெரும்பாலும் நாற்பது முதல் தொண்ணூறு பங்கு வரை செல்லும். ஒன்றில் மது விளைபொருள். மற்றொன்றில் மது கருவி. இவ்விரண்டையும் ‘மருந்துச் சாராயம்’ என்னும் ஒரே சொல்லால் குறிக்கும் வழக்கம் நம் வீட்டு மருத்துவ எழுத்தில் உண்டு.

இதனால் விளையும் தீங்கை எளிய கணக்கொன்று காட்டும். எட்டு விழுக்காடு எத்தனால் உள்ள அரிஷ்டம் 25 மில்லிலிட்டர் அருந்துபவரின் உடலுக்குள் 2 மில்லிலிட்டர் எத்தனால் செல்கிறது. நாற்பது விழுக்காட்டு ஊறலில் அதே 2 மில்லிலிட்டர் ஒரு தேக்கரண்டியிலேயே, அதாவது 5 மில்லிலிட்டரிலேயே, அடங்கிவிடுகிறது. அரிஷ்டத்தை அளந்து பழகிய கை, பெயர் ஒன்றாக இருப்பதை நம்பி ஊறலையும் 25 மில்லிலிட்டர் அளந்தால், ஐந்து மடங்கு மது உள்ளே போகும். மூலிகைச் சத்தும் அவ்வாறே மிகக்கூடும். இங்குப் பிழை செய்தவர் வாசகர் அல்லர். இரண்டு பொருளுக்கு ஒரு பெயர் இட்டவரே ஆவார்.

ஊறல், வடித்தல், காய்ச்சுதல்

பெயர்ச்சொல்லைக் காட்டிலும் வினைச்சொற்கள் கூடுதலாகத் தடுமாறச் செய்கின்றன. ‘ஊறல்’ என்பது மருத்துவத் தமிழில் இனிய சொல். தேனூறல், ஊறல் குடிநீர் என வழங்குவன யாவும் மென்மையாக ஊறவைத்துப் பெறுவனவே. ஆனால் அச்சொல்லின் முன் ‘சாராயம்’ சேர்ந்தவுடன் பொருள் தலைகீழாகிறது. தமிழகச் செய்தித்தாள்களில் ‘சாராய ஊறல் அழிப்பு’ என்னும் தலைப்பைப் படிக்கும் எவரும் மருந்துக் குடுவையை நினைப்பதில்லை. கள்ளச்சாராயம் வடிப்பதற்காகப் பானைகளிலும் பீப்பாய்களிலும் புளிக்கவிடப்பட்ட கலவையே அங்கு ஊறல் எனப்படுகிறது. ஆகவே, ஆங்கிலத்தில் மது ஊறலைக் குறிக்கும் தொடரைச் சொல்லுக்குச் சொல் மாற்றி ‘சாராய ஊறல்’ என்று எழுதுபவர், தாம் அறியாமலே வேறொரு தொழிலின் கலைச்சொல்லைக் கையாள்கிறார்.

‘வடித்தல்’ இதனினும் சிக்கலானது. சோற்றுக் கஞ்சியை வடிக்கிறோம். அங்கு அது நீரைப் பிரித்தல். கஷாயத்தைத் துணியில் வடிக்கிறோம். அங்கு அது சக்கையை நீக்குதல். சாராயம் வடிக்கிறார்கள், அங்கு அது ஆவியாக்கிக் குளிர்வித்தல். முதலிரண்டும் சமையற்கட்டின் செயல்கள். மூன்றாவது, மலேசியாவில் 1976ஆம் ஆண்டின் கலால் சட்டத்தின்படி உரிமம் இன்றிச் செய்யத்தகாத செயல். ‘மூலிகையைச் சாராயத்தில் ஊறவைத்து வடிக்கவும்’ என்ற நான்கு சொற்களுள் இவ்வேறுபாட்டைக் காட்டும் குறிப்பு ஏதும் இல்லை.

‘காய்ச்சுதல்’ என்பதிலோ உயிருக்கே இடர் உண்டு. எட்டுப் பங்கு நீரை ஒரு பங்காகக் காய்ச்சிக் குறுக்குதல் குடிநீர் மரபின் அடிப்படை இலக்கணம். இம்மரபில் தோய்ந்த எழுத்தாளரின் கை, நீர் இருந்த இடத்தில் மது வந்த பின்னும் ‘காய்ச்சி’ என்றே எழுதிச் செல்கிறது. எத்தனால் ஏறத்தாழ 78 பாகை செல்சியசில் கொதித்து ஆவியாகிவிடும். ஆகவே எதற்காக மதுவை எடுத்தாரோ அது முதலில் வெளியேறும். அதற்கும் முன்பாக, நாற்பது விழுக்காட்டு மதுவிலிருந்து எழும் ஆவி ஏறத்தாழ 26 பாகையிலேயே தீப்பற்றும் தன்மையது. நம் நாட்டில் அடுப்பு மூட்டாத நண்பகலிலேயே வெப்பம் 30 பாகையைத் தாண்டும். அடுப்படியில் திறந்த பாத்திரத்தில் பிராந்தியை வைத்துக்கொண்டு இக்குறிப்பைப் படிப்பவரின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஒரு மாதிரி வாக்கியம்

இவ்வகை எழுத்தின் பொதுத்தன்மையைக் காட்டுவதற்கு நாமே ஒரு வாக்கியம் அமைத்துக்கொள்வோம். எந்தவொரு நூலிலிருந்தும் எடுத்தது அன்று, ஆயினும் இதுபோன்றதைப் படிக்காதவர் அரியர் என்பது நம் துணிபு: “கைப்பிடி அளவு சுக்கை இடித்துச் சாராயத்தில் போட்டு நன்றாக ஊறவைத்து, காய்ச்சி வடித்து, காலையும் மாலையும் பருகி வர வாயுத் தொல்லைகள் யாவும் நீங்கும்.”

இலக்கணப் பிழை ஏதும் இல்லாத வாக்கியம், ஓசையும் இனிது. வினையெச்சங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி வந்து ‘நீங்கும்’ என்னும் முற்றில் இளைப்பாறுகின்றன. செய்யுள் மரபின் எச்சமாகவே இவ்வோசை உரைநடைக்குள் தங்கியுள்ளது எனத் தோன்றுகிறது. ஆனால் செய்யுள் மரபில் இவ்வோசையுடன் அளவும் இருந்தது. வராகனெடை, பலம், ஆழாக்கு, உழக்கு, படி என்னும் முகத்தலும் நிறுத்தலும் பாடலுக்குள்ளேயே பொருந்தி நின்றன. இன்றைய சித்த மருத்துவப் பாடநூல்கள் பலத்தை 35 கிராம் என்றும் ஆழாக்கை 168 மில்லிலிட்டர் என்றும் கணக்கிட முடிவது, பாடியவர்கள் அளவை விடாமல் பாடியதனால்தான். உரைநடைக்கு வந்த நாம் ஓசையை வைத்துக்கொண்டு அளவை விட்டுவிட்டோம். ‘கைப்பிடி’ யாருடைய கை? ‘நன்றாக’ என்பது எத்தனை நாள்? ‘பருகி’ என்றால் எவ்வளவு? ‘பருகுதல்’ நிறையக் குடித்தலையும் உணர்த்தக்கூடிய சொல். அன்றியும் ‘யாவும்’ என்ற சொல், அறிந்து சொல்பவரின் சொல்லாக இல்லை.

இவ்வாக்கியத்தின் ஆகப் பெரிய பிழை ‘சாராயம்’ என்ற சொல்லிலேயே உள்ளது. கடையில் வரி முத்திரையுடன் விற்கும் பிராந்தியும் சாராயமே. தோட்டப்புறத்தார் ‘சம்சு’ என்று சொன்ன மலிவான மதுவும் சாராயமே. பெயர் தெரியாதவர் காய்ச்சிப் பையில் விற்பதும் சாராயமே. விளக்கெரிக்கவும் காயம் துடைக்கவும் பயன்படும் ‘ஸ்பிரிட்’ கூட எரிசாராயம் எனப்படுகிறது. தொழிற்சாலைக்குரிய தூய எத்தனாலும் அதே பெயரைத் தாங்குகிறது. இவற்றுள் சிலவற்றில் மெத்தனால் இருக்கும். மெத்தனால் நிறத்தாலும் மணத்தாலும் தன்னைக் காட்டிக்கொடுப்பதில்லை. உடலுக்குள் அது பார்மால்டிகைடாகவும் பின் பார்மிக் அமிலமாகவும் மாறிக் கண் நரம்பைத் தாக்குகிறது. சில மிடறுகளே உயிரைப் பறிக்கப் போதுமானவை. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவால் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் இறந்தோர் அறுபதுக்கும் மேற்பட்டோர். அவர்கள் மருந்து செய்தவர்கள் அல்லர் என்பது உண்மையே. எனினும் ‘சாராயம்’ என்னும் பொதுச்சொல்லைப் படித்துவிட்டு மலிவாகக் கிடைப்பதை வாங்குபவர், அதே பொருளை வாங்க நேரிடும் என்பதும் உண்மையே.

ஊடகம் நடுநிலையானதன்று

மூலிகையே மருந்து, அதனைச் சுமக்கும் நீர்மம் வெறும் பாத்திரம் போன்றது என்னும் எண்ணம் இவ்வெழுத்துக்கு அடியில் கிடக்கிறது. தமிழ் மருத்துவ மரபு அவ்வாறு எண்ணியதில்லை. அனுபானம் என்னும் கோட்பாடே அதற்குச் சான்று. ஒரே சூரணம் தேனில் ஒரு நோய்க்கும், நெய்யில் மற்றொரு நோய்க்கும், வெந்நீரில் வேறொன்றுக்கும் கொடுக்கப்பட்டது. ஊடகம் மாறினால் மருந்தின் போக்கும் மாறும் என்பதை மரபு அறிந்திருந்தது. அவ்வறிவைப் பெருமையுடன் மேற்கோள் காட்டும் நாமே, குடிநீருக்கு எழுதிய குறிப்பில் நீரை எடுத்துவிட்டு மதுவை வைத்து, மற்றவற்றை மாற்றாமல் விட்டுவிடுகிறோம்.

நாபிக் கிழங்கு இதற்குக் கொடிய எடுத்துக்காட்டு. அதன் நஞ்சாகிய அகோனிட்டின் நீண்ட நேரம் நீரில் கொதிக்கும்போது சிதைந்து வீரியம் குறைகிறது. சித்த மருத்துவம் நாபியைச் சுத்தி செய்யாமல் தொடுவதில்லை. சீன மருத்துவமும் அதன் இனக் கிழங்குகளை நெடுநேரம் வேகவைத்தே வழங்குகிறது. அதே கிழங்கு காய்ச்சப்படாமல் மதுவில் ஊறினால் நஞ்சு சிதையாது. மது அதனை நன்கு கரைத்தும் எடுக்கும். மேற்பூச்சுக்காக வீட்டில் ஊறவைத்த அத்தகைய மருந்து மதுவைக் குடித்து இறந்தோர் சீனாவிலும் ஹாங்காங்கிலும் உண்டு. ‘ஊறவைத்தல்’ என்னும் சொல் ‘கொதிக்கவைத்தல்’ என்பதற்கு மென்மையான மாற்று எனத் தோன்றுவதால், அது பாதுகாப்பானது என்ற எண்ணமும் உடன் தோன்றுகிறது. இவ்விடத்தில் மென்மையான சொல்லே கூடுதல் நஞ்சைத் தருகிறது.

நாம் எடுத்துக்கொண்ட சுக்கிற்கும் வரலாறு உண்டு. அமெரிக்காவில் ‘ஜமைக்கா இஞ்சி’ என்ற பெயரில் செறிந்த மதுவில் இஞ்சிச் சத்து இறக்கிய நீர்மம் செரிமான மருந்தாகக் கடைகளில் விற்கப்பட்டது. மதுவிலக்குக் காலத்தில் பலர் அதனை மதுவுக்கு மாற்றாகவும் குடித்தனர். 1930ஆம் ஆண்டில், அரசின் சோதனையை ஏய்ப்பதற்காக அதில் கலக்கப்பட்ட ஒரு தொழிற்சாலை வேதிப்பொருளால் பல்லாயிரவர் கால் முடங்கினர். இஞ்சியில் எக்குறையும் இல்லை. அது மிதந்த நீர்மத்தில் என்ன இருந்தது என்பதைப் பெயர் சொல்லவில்லை.

சொல்லாமல் விட்டதன் காரணம்

செய்முறையைத் துல்லியமாகச் சொல்லும் ஆற்றல் தமிழுக்கு இல்லை என்று எவரும் கூற முடியாது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில், வலைஞர் குடியிருப்பில் மது சமைக்கும் முறை சில அடிகளில் கூறப்படுகிறது. அரிசியின் பக்குவம், அதனைக் களியாகத் துழாவுதல், ஆறவைக்கும் கலத்தின் வாய் எவ்வாறு இருக்க வேண்டும் என்பது, கலக்கவேண்டிய நல்லடையின் மேற்புறத் தோற்றம், விளையவிடும் சாடி, இரு பகலும் இரு இரவுமாகிய காலம், விரலால் அலைத்துப் பிழிதல் என ஒவ்வொன்றும் வரிசை பிறழாமல் வருகின்றன. நல்லடை எத்தகையது என்பதை விளக்கப் புலவர் புற்றினுள் இருக்கும் குரும்பியை உவமையாக்குகிறார். உவமை இங்கு அணியாக மட்டும் நிற்கவில்லை. பொருளை அடையாளம் காட்டுகிறது. உயர்நிலைப் பள்ளி விளக்கக் கட்டுரைக்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரி நமக்குத் தெரிந்த வரையில் இல்லை. ஆயினும் இப்பகுதியை நாம் வகுப்பில் நடத்தும்போது பண்டைத் தமிழர் உணவு என்ற தலைப்பில் விரைந்து கடந்துவிடுகிறோம்.

அவ்வாறாயின் இன்றைய உரைநடை ஏன் மழுப்புகிறது? மலாயாத் தமிழரின் சமூக வரலாற்றிலேயே ஒரு விடை உண்டு. தோட்டந்தோறும் கள்ளுக்கடை இருந்த காலத்தில் மது நம் மக்களின் கூலியைத் தின்றது. கெடாவில் 1946, 1947ஆம் ஆண்டுகளில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளுக்கு எதிராகத் திரண்டதும், அவ்வெழுச்சி அடக்கப்பட்டதும் வரலாறு. நம் சிறுகதைகளில் கள்ளுக்கடை அழிவின் குறியீடாக நின்றதற்கும் இதுவே காரணம். இத்தகைய சமூகத்தில், மதுவை நன்மைக்குரிய பொருளாகப் பெயர் சொல்லி எழுத எழுத்தாளர் தயங்கியதில் வியப்பில்லை. அத்தயக்கத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் எழுதாமல் விடுவது வேறு, எழுதிவிட்டு மறைப்பது வேறு. ‘மூலிகைச் சாறு’, ‘மருந்துத் தேறல்’, ‘மூலிகை அமுதம்’ என மதுவின் பெயரை மறைக்கும் தலைப்புகள் குடியை விட்டவருக்கும் தமிழ் முசுலிம் வாசகருக்கும் ஒருசேரத் தீங்கு செய்கின்றன. குடுவைக்குள் மது இருக்கிறது என்பதை அறியும் உரிமை அவர்களுக்கு உண்டு. யோமெய்ஷுப் புட்டியின் மேல் பதினான்கு விழுக்காடு என்று அச்சிட்டிருக்க, அதனைப் பரிந்துரைக்கும் தமிழ்க் குறிப்பு அவ்வெண்ணை விட்டுவிடுவது எவ்வகையில் பண்பாடாகும்?

எப்பெயர் இடுவது?

மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த முன்னோடியாகிய சாமுவேல் பிஷ் கிறீன் இத்தகைய சிக்கலை யாழ்ப்பாணத்து மானிப்பாயில் எதிர்கொண்டார். முதலில் தமிழ், அது வாய்க்காவிடின் வடமொழி, இரண்டும் உதவாதபோது ஆங்கில ஒலிபெயர்ப்பு என்னும் வரிசையை அவர் பின்பற்றினார். 1875இல் வெளிவந்த அவருடைய வேதியியல் நூலுக்குக் ‘கெமிஸ்தம்’ என்றே பெயரிட்டது அவ்வணுகுமுறையின் விளைவு. தூய்மைக்காகத் தெளிவை விட்டுக்கொடுக்காத அம்மனப்பாங்கு இன்றும் கைக்கொள்ளத்தக்கது.

‘டிங்சர்’ என்பதை ஒலிபெயர்ப்பாகவே வைத்துக்கொள்ளலாமே எனலாம். ஆனால் தமிழ்ப் பேச்சில் அச்சொல் ஏற்கெனவே குடியேறிவிட்டது. ‘டிஞ்சர் போடு’ என்றால் காயத்தில் அயோடின் தடவு என்பதே பொருள். வெளியே பூசும் பொருளின் பெயரை உள்ளே அருந்தும் பொருளுக்கும் இடுவது இடர்தரும். தேறல் அழகிய சொல். தேறு என்னும் வேரில் தெளிவின் பொருள் உள்ளது. வடிகட்டித் தெளிந்த நீர்மத்திற்குப் பொருந்தும். ஆயினும் அது மதுவின் இலக்கியப் பெயர். அளவோடு அருந்தும் மருந்துக்கு விருந்தின் பெயரைச் சூட்டும். ‘வெறியம்’ என்னும் ஆக்கச்சொல் பொருளின் பெயரிலேயே அதனால் விளையும் மயக்கத்தைத் திணித்துவிடுகிறது. ‘மதுசாரம்’ ஈழத்தில் வழங்கினும் மெத்தனாலையும் எத்தனாலையும் பிரித்துக் காட்டுவதில்லை. நாம் முன்மொழிவது ‘எத்தனால் ஊறல்’ என்பதாகும். அது கலப்புத் தொடரே, செவிக்கும் இனிதன்று. ஆனால் சாராயத்தை நீக்கிவிட்டால் ஊறல் தேனூறலின் பக்கம் திரும்பிவிடுகிறது. எத்தனால் என்னும் பெயர் மெத்தனாலுக்குக் கதவடைக்கிறது. வடித்தல் என்பதற்கு மாறாகத் ‘துணியில் பிழிந்து தெளியவைத்தல்’ என்று விரித்தெழுதலாம். சொற்கள் கூடுவது இங்குக் குறையாகாது.

மேலே அமைத்த வாக்கியத்தை இவ்வாறு மாற்றி எழுதிப் பார்க்கலாம்: “உலர்ந்த சுக்கு 100 கிராம் எடுத்து மேல்தோல் நீக்கிக் கரகரப்பாக இடிக்கவும். இறுக மூடக்கூடிய கண்ணாடிக் குடுவையில் அதனை இட்டு, 40 விழுக்காடு எத்தனால் உள்ளதாக அட்டையில் குறிக்கப்பட்டு வரி முத்திரையுடன் விற்கப்படும் மது 500 மில்லிலிட்டர் ஊற்றவும். வேறு எவ்வகைச் சாராயமோ ஸ்பிரிட்டோ பயன்படுத்தலாகாது. அடுப்பிற்கும் விளக்கிற்கும் அப்பால், வெயில் படாத இடத்தில் ஏழு நாள் வைத்து, நாளுக்கு ஒருமுறை குலுக்கவும். சூடாக்கக் கூடாது. பின்னர்த் துணியில் பிழிந்து, ஓரிரவு தெளியவைத்து இறுக்கவும். ‘சுக்கு எத்தனால் ஊறல், 40 விழுக்காடு, செய்த நாள்’ என எழுதிக் குடுவையில் ஒட்டவும். சிறுவர், கருவுற்றோர், பாலூட்டுவோர், கல்லீரல் நோயுடையோர், குடியை விட்டோர் ஆகியோருக்கு இது உரியதன்று. பிற மருந்து உட்கொள்வோர் மருத்துவரைக் கேட்டறிக.”

ஒரு வாக்கியம் ஒன்பது சொற்றொடர்வரை விரியும் நிலைக்கு வந்துவிட்டது. ஓசை போய்விட்டது, ‘யாவும் நீங்கும்’ என்ற ஆறுதலும் போய்விட்டது. தமிழாசிரியர் சிலர் இதனை வறண்ட நடை எனக் குறைகூறக்கூடும். இவ்விரு வடிவங்களையும் மாணவர்முன் வைத்து, முதல் வடிவத்தைக் கொண்டு மருந்தைச் செய்யத் தொடங்குபவர் எந்தெந்த இடத்தில் நின்று கேள்வி கேட்க வேண்டியிருக்கும் என்று அவர்களையே குறிக்கச் செய்யலாம். ‘இறுக்கவும்’ என்று நாம் எழுதிய இடத்திலும் ஒரு மாணவர் நிற்கக்கூடும். ‘மேலே தெளிந்ததை மட்டும் வேறு குடுவையில் ஊற்றவும்’ என்பது அதனினும் தெளிவு. அருந்தும் அளவு என்னும் ஓர் இடத்தை மட்டும் நாம் வேண்டுமென்றே நிரப்பாமல் விட்டுள்ளோம். அதனை எழுதவேண்டியவர் நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசும் மருத்துவர்.